விளக்கை எங்கே வைப்பது?

வாசகர் கேள்வி பதில்

அன்புள்ள ஆன்ட்டி, எனக்கு 28 வயது. சிங்கப்பூரில், செங்காங்கில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நானும் அவரும் ஐந்து வருடமாகப் பழகுகிறோம். இருவரும் தமிழர்தான். அவர் குடும்பம் ஒரு சபைக்குப் போகிறது. ஞாயிறு பாதி நாள் அங்கேதான், புதன் இரவு வீட்டு ஜெபம். நான் முடிந்த வெள்ளிக்கிழமைகளில் தேக்கா பக்கம் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போவேன். தீபாவளி, பொங்கல் உண்டு, அவ்வளவுதான். "உன்னை மதம் மாறச் சொல்ல மாட்டேன்" என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். தெங்காவில் நாங்கள் பதிந்து வைத்த பிடிஓ வீட்டுக்கு (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) அடுத்த ஆண்டு சாவி வருகிறது. போன மாதம் வீட்டு வரைபடத்தை மேசையில் விரித்துக் கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்று பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்ட்டரில் ஒரு சின்ன ஸ்டாண்ட் வைத்து என் அப்பாயியின் காமாட்சி விளக்கை வைக்கலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "விளக்கு உங்க அம்மா வீட்டிலேயே இருக்கட்டுமே" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அவருடைய பாஸ்டர் 'அந்நிய நுகம்' என்று ஏதோ வசனம் சொல்லியிருக்கிறாராம். அன்பு இருந்தால் மதம் ஒரு பொருட்டா? ஒரு விளக்குக்காக இப்படித் தவிக்கிறேனே, நான் தப்பா?
– பெயர் வேண்டாம், செங்காங்

ஆன்ட்டி என்று கூப்பிட்டதால் 'நீ' என்றே எழுதுகிறேன், கண்ணு. நீ தப்பில்லை. அது சின்ன விஷயமும் இல்லை. ஐந்து வருடம் வராத பேச்சு வீட்டு வரைபடத்தைப் பார்த்தபோது வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் நடக்கும்போதும் படம் பார்க்கும்போதும் மதம் குறுக்கே வராது. காலையில் எழுந்ததும் எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது, எந்தச் சுவரில் எந்தப் படம், வெள்ளிக்கிழமை சமையலில் மீன் உண்டா இல்லையா என்று வரும்போதுதான் அது வந்து நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். என் அப்பா செம்பவாங்கில் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கான்பரா சாலையோரம் மரத்தடியில் இருந்த முருகன் கோவில்தான் எனக்கு எல்லாம். இப்போது யீஷூன் தொழிற்பேட்டையில் இருக்கிறதே, அதே புனித மரம் பாலசுப்பிரமணியர்தான். 1983-ல் நான் கட்டிக்கொண்டவர் கத்தோலிக்கர். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-ல் கட்டிய ஓஃபிர் சாலை லூர்து மாதா கோவில்தான் அவருக்கு எல்லாம். ஞானஸ்நானம் பெறாத என்னைக் கட்டிக்கொள்ள மேற்றிராணியாரின், அதாவது ஆயரின், அனுமதி வர வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். அப்படி அவர் கொடுத்திருக்கிறார் என்பதை எனக்கும் விளங்கச் சொல்ல வேண்டும். அது அவர்கள் திருச்சபையின் முறை. ஃபாதர் என்னை உட்காரவைத்து, "புரிந்ததா அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். புரிந்துதான் சரி என்றேன். ஆனால் மகன் பிறந்து பதினோராம் மாதம், என் அக்கா பிள்ளைக்குக் கோவிலில் மொட்டை போட்ட அன்று, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். புரிந்து கொடுத்த சம்மதத்துக்கும் வலி உண்டு. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

என் சமையலறை அலமாரியில் முருகன் இருந்தார், கூடத்தில் மாதா இருந்தார். 35 வருடத்தில் அவர் என் அலமாரியை ஒரு நாளும் நகர்த்தச் சொன்னதில்லை.

பங்குனி உத்திரத்துக்கு நான் பால்குடம் எடுப்பேன். அது பௌர்ணமியை ஒட்டி வரும். ஈஸ்டரும் ஒரு பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான். அதனால் என் விரதமும், ஈஸ்டருக்கு முந்தைய அவருடைய தவக்காலமும் பெரும்பாலான வருடங்களில் ஒன்றாகவே ஓடும். வீட்டில் இருவருக்கும் ஒரே சாம்பார், ஒரே ரசம். 2018-ல் பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் மார்ச் 30-ஆம் தேதி ஒரே நாளில் வந்தன. காலையில் அவர் என்னோடு யீஷூனுக்கு வந்தார். என் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, குடத்தோடு போன என் பக்கத்திலேயே வெயிலில் நடந்தார். சந்நிதியில் திருநீறு கொடுத்தபோது கை நீட்டவில்லை, ஒதுங்கி நின்றார். பிற்பகல் மூன்று மணிக்கு நான் அவரோடு ஓஃபிர் சாலையில் கடைசி பெஞ்சில் இருந்தேன். எல்லாரும் வரிசையாகப் போய்ச் சிலுவையை முத்தி செய்தார்கள். நான் போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்து, "கால் வலிக்குதா?" என்று கேட்டார். மறு வருடம் அவர் போய்விட்டார்.

அவர் திருநீறு வாங்காததும் நான் சிலுவையை முத்தாததும் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டையானதில்லை. கும்பிடுவது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். ஒரு காரியத்தை மனதார நம்புகிறவன் அதை விளையாட்டுக்குச் செய்ய மாட்டான் என்பதும் தெரியும்.

இப்போது என் அக்காவைப் பற்றி. அவள் கட்டிக்கொண்டது அதே மதம், அதே ஊர், தூரத்துச் சொந்தம். மாமா நல்ல மனிதர். குடி கிடையாது, பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஆனால் அவர் வீடு சீர்திருத்தக் குடும்பம். 1929-ல் பெரியார் இங்கே வந்துபோனதும், 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியதும் அந்த வீட்டில் குலப் பெருமை மாதிரி பேசப்படும். அந்த இயக்கம் இங்கிருந்த தமிழர்களுக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா சாமி இல்லாமல் இருக்கத் தெரியாதவள். பெண் பார்த்தபோது இதை யாரும் பேசவில்லை. இரண்டு பக்கமும் 'நம்ம ஆளுங்கதானே' என்று விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவள் வீட்டில் மைலோ கலக்கப் போனேன். டின்னைத் திறந்தால் உள்ளே ஒரு திருநீற்றுப் பொட்டலம், விரல் நீள முருகன் படம், பாதி எரிந்த சூடம். "மூடு, மூடு, அவர் வந்துடுவார்" என்றாள். அந்த டின் அப்படியே பதினேழு வருடம் இருந்தது.

ஆக, மதம் ஒன்றா என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அது இருவர் மனதிலும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, ஒருவர் விடமுடியாததை இன்னொருவர் மதித்து ஓரமாக நிற்பாரா, இவைதான் நான் கேட்பவை. பேர் ஒன்றாக இருந்தும் அக்கா டின்னுக்குள் சாமி கும்பிட்டாள்.

உன்னவர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதே. அந்நிய நுகம் என்பது பாஸ்டர் சொந்தமாகச் சொன்னதில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. விசுவாசி அவிசுவாசியோடு நுகத்தில் பிணையக் கூடாது என்பது அதன் கருத்து. அதே பவுல் முதல் நிருபத்தில், விசுவாசியாத மனைவி சேர்ந்து வாழச் சம்மதித்தால் கணவன் அவளைத் தள்ளிவிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். உன்னவர் இரண்டையும் படித்திருப்பார். ஆனால் இரண்டாவது, ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்குச் சொன்னது. அதை வைத்து நீ வாதாடி ஜெயிக்கப் பார்க்காதே. உருவத்துக்கு முன் விளக்கேற்றுவது அவருடைய வேதத்தின் பத்துக் கட்டளைகளில் உள்ளதையே மீறுகிற காரியமாக அவருக்குப் படுகிறது. என் கணவருடைய சபையில் இதற்கு இருந்த இளக்கம் இவருடைய சபையில் இல்லாமல் இருக்கலாம். கிறிஸ்தவர் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ வீடுகள் உண்டு.

ஆனால் உன்னைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. அந்த விளக்கை இப்போது யார் ஏற்றுகிறார்கள்? நீ முடிந்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவதாகத்தான் எழுதியிருக்கிறாய். விளக்கு உனக்கு அப்பாயியா, அம்பாளா? இரண்டுமே பெரிதுதான். ஆனால் இரண்டும் வேறு. அப்பாயியின் நினைவு என்றால் அதை ஏற்றாமல் கூடத்தில் வைப்பதற்குக்கூட அவர் சம்மதிக்கலாம். அம்பாள் என்றால் ஏற்றாத விளக்கு உன்னைத் தினமும் உறுத்தும்.

நான் சொல்வது, ஒரு மண்டலம், 48 நாள், அம்மா ஏற்றுவதை விட்டு நீயே ஏற்று. காலையோ மாலையோ ஒரே நேரத்தில். வேலை முடிந்து எம்ஆர்டியில் இடிபட்டு வந்து, கால் கழுவி, திரியைத் திருத்தி, எண்ணெய் விட்டு ஏற்று. பத்தாவது நாள் மறந்துபோனால் அதுவும் உனக்கு ஒரு பதில். நாற்பதாவது நாள் அது இல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றினால் அதுவும் பதில். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிடு. கும்பிட வேண்டாம், கூடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் அவர் சபையில் முழு ஆராதனையும் உட்கார்ந்து பார். நீ ஏற்றும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது, அங்கே பாடும்போது உன் மனம் எப்படி இருக்கிறது என்று கவனி.

அப்புறம் விளக்கோடு நிறுத்தாமல் மற்றதையும் பேசுங்கள். அவர் சம்பளத்தில் தசமபாகம் கொடுக்கிறாரா? கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு. வீட்டுக் கடன் கட்டும்போது அது உன் கணக்கிலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள் யாருக்கு? பிள்ளை பிறந்தால் சபையில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்வார்களா, உன் அம்மா மடியில் வைத்துக் காது குத்த விடுவாரா? பொங்கலுக்கு உன் அம்மா வீட்டில் அவர் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவாரா? படைத்தது வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, அதையும் முன்பே தெரிந்துகொள். உன் அப்பாவுக்கு ஏதாவது ஆனால் பதினாறாம் நாள் காரியத்தில் அவர் எங்கே நிற்பார்? கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். நாங்கள் இதைப் பேசியதால்தான் அவர் போனபோது எனக்குக் குழப்பம் இல்லை. மண்டாயில் தகனம் செய்து, அஸ்தியை மாதா கோவில் மாடத்தில் வைத்தோம். என்னுடையதைச் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே கடலில் கரைக்கச் சொல்லி மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருவரும் ஒரே இடத்தில் இருக்க மாட்டோம். அதையும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தோம், அன்று இரவு முழுக்க அவர் என் கையை விடவில்லை.

கல்யாணத்துக்காக மட்டும் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளாதே. உனக்கு உண்மையாகவே அந்த நம்பிக்கை வந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. வராமல் தண்ணீரில் இறங்கினால் அவருடைய ஆண்டவரையும் ஏமாற்றுகிறாய், உன் அப்பாயியையும் ஏமாற்றுகிறாய். அதேபோல, அந்த வீட்டில் விளக்கு ஒருநாளும் கூடாது என்று அவர் தீர்மானமாகச் சொன்னால் நம்பு. பிள்ளை பிறந்தால் மாறுவார், அவர் அம்மா காலத்துக்குப் பின் மாறுவார் என்று கணக்குப் போட்டுக் கழுத்தை நீட்டாதே.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிடிஓ சாவி துரத்துகிறது என்றே இங்கே பல பிள்ளைகள் பேச வேண்டியதைப் பேசாமல் கட்டிக்கொள்கிறார்கள். சாவி வாங்கி 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும், மறுபடி விண்ணப்பிக்க ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். பெரிய பணம்தான். ஆனாலும் பதினேழு வருட மைலோ டின்னைப் பார்த்தவள் நான், அந்தப் பணத்துக்குப் பயந்து முடிவெடுக்காதே என்றுதான் சொல்வேன். 48 நாள் முடிந்ததும் எனக்கு எழுது. காத்திருப்பேன்.

*

அக்கா, என் ஒரே மகன் ஒரு தமிழ் முஸ்லிம் பெண்ணை விரும்புகிறான். நல்ல பெண், என்னை வாய் நிறைய 'அம்மா' என்கிறாள். இவன் மதம் மாறப் போகிறேன் என்கிறான். பெயரை மாற்றிவிடுவானா? நான் போனால் கொள்ளி யார் வைப்பார்கள்? மாறாமல் கட்டிக்கொள்ள வழி இல்லையா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

தங்கச்சி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் முஸ்லிம் என்றால்தான் முஸ்லிம் திருமணப் பதிவகத்தில் பதிய முடியும். ஒருவர் முஸ்லிம் இல்லை என்றால் மாதர் சாசனத்தின் கீழ் மற்ற எல்லாரையும் போலத் திருமணப் பதிவகத்தில் பதியலாம், 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து. ஆகச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஒரு முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரை மணப்பதை அவர்கள் மார்க்கம் ஏற்பதில்லை. அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் தங்கள் நம்பிக்கைப்படி அதைத் திருமணமாகவே நினைக்க முடியாது. உங்கள் மன நிம்மதிக்காக அவளை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

பெயரை மாற்றியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இஸ்லாத்தில் இல்லை. அப்பா பெயர் அப்படியே இருக்கும். மாறினபின் மகனுடைய சொத்தின் வாரிசுரிமை இஸ்லாமியச் சட்டப்படி போகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவனையும் ஒரு வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கொள்ளி விஷயத்தில் உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல ஆசைதான். உண்மையைச் சொல்கிறேன். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சாவு. மகன் மதம் மாறியவர். காரியம் செய்ய அவர் உட்காரவில்லை, உட்கார முடியாது என்று யாரிடமும் முன்பே சொல்லவும் இல்லை. குருக்கள் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், அந்த அம்மா மகனையே பார்க்கிறார், மகன் தூணுக்குப் பின்னால் நின்று அழுகிறார். கடைசியில் தங்கை மகன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். அந்தப் பத்து நிமிடம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கே மகனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "எது உன்னால் முடியும், எது முடியாது?" தோள் கொடுப்பான், கூடவே மண்டாய் வரை வருவான், ஆனால் சடங்கு செய்ய மாட்டான் என்றால் அதை யார் செய்வது என்று நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லி வையுங்கள். மகளோ மருமகனோ தம்பி பிள்ளையோ, யாராக இருந்தாலும் சரி.

சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலும் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் கிட்டத்தட்ட 200 வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று உங்களிடம் யாராவது சொல்லித் தேற்றுவார்கள். அது அக்கம்பக்கம், பெருமைதான். ஆனால் உங்கள் மகன் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குள் போகிறான். உங்களுக்கு வலிக்கும், அழுதுவிடுங்கள். அழுது முடித்து, அந்தப் பெண்ணின் அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவருக்கும் கேட்க ஆயிரம் இருக்கும்.

*

மேடம், எனக்கு 31 வயது. கடவுள் நம்பிக்கை இல்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. "நம்பிக்கை இல்லை என்பதைப் பெண்ணிடம் சொல்லித் தொலைக்காதே, கல்யாணமானால் சரியாகிவிடும்" என்கிறார் அம்மா. இந்தச் சனிக்கிழமை பெண்ணைப் பார்க்கப் போகிறோம்.
– தெம்பனிஸ்

தம்பி, மேலே என் அக்கா கதையைப் படித்திருப்பீர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 100 பேரில் 17 பேர் மதம் இல்லை என்றார்கள், 2020-ல் 20 பேர். நீங்கள் ஒன்றும் வெட்கப்பட வேண்டியவர் இல்லை. கல்யாணமானால் எது சரியாகும் என்கிறார் அம்மா? நீங்கள் நம்ப ஆரம்பிப்பீர்களா, அந்தப் பெண் நம்புவதை விடுவாளா?

உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். அவள் கும்பிட்டால் உங்களுக்குச் சங்கடமா, தைப்பூசத்துக்கு டேங்க் ரோட்டுக்கு அவளோடு நடந்து வருவீர்களா, பிள்ளைக்கு அவள் சாமி கதை சொன்னால் குறுக்கே பேசுவீர்களா, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் உங்கள் இருவரையும் தனியே பேச விடும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.